நான் தைத்த முதல் ரவிக்கை

அலமாரியின் இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தன. என் மனைவி வசந்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பட்டுச் சேலை. மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது.

"நீங்களும் கவிதாவும் போய்ட்டு வாங்க. நான் வரலை," என்றாள். கவிதா எங்கள் மகள்.

வசந்தாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில். தம்பியும் அவன் மனைவியும் ஷிஃப்ட் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பிள்ளை பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அந்தக் கல்யாணத்துக்கு இவள் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

 பக்கத்தில் கிடந்த அரக்கு நிற ரவிக்கையை எடுத்து, தன் டி-சட்டையின் மேல் வைத்துப் பிடித்துக் காட்டினாள். வலப்பக்கம் பொருந்தியது. இடப்பக்கத்தில் துணி உள்ளே ஒடுங்கிச் சுருங்கியது. பிறகு அதை மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

நான் அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். அது என்னவென்று சொல்வதற்கு முன், சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதன் அதைச் சொல்லும் தைரியத்தை எங்கே பெற்றான் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மிளகாய்த்தூள் விவகாரம்

பந்தயக் குதிரைகளை விமானத்தில் ஏற்றிய கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். டுரியான் கூடைகளால் ஒரு கிடங்கே மூக்கைப் பொத்திக்கொண்ட கதையையும் எழுதியாகிவிட்டது. என் வேலைக்காலம் முழுவதும் அப்படித்தான் போனது. எந்தச் சரக்கு முன்னால், எது பின்னால், எதன் மேல் எதை வைக்கலாம், வலையை எங்கே இழுத்துக் கட்டவேண்டும். விமானம் ஒரு பக்கம் சாயக்கூடாது. அதுதான் என் தொழில்.

ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் நான் புக்கிட் மேராவில் உள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். கனமான டப்பாக்கள் கீழ்த்தட்டில். இலேசானவை மேலே. உயரம் குறைந்தவை முன்வரிசையில். எனக்கு மிகுந்த திருப்தி.

வசந்தா சந்தையிலிருந்து வந்தாள். கையில் கரண்டியோடு அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, மிளகாய்த்தூள் எங்க?"

"அது வெயிட் கம்மி. மேல் தட்டு, பின்னாடி."

"எனக்கு எட்டுமா அது? இது என்ன ப்ளேனா? என் சமையக்கட்டு லா!"

மறுநாள் காலை அவள் எங்கோ கிளம்பிப் போனாள். திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதே செய்தியைச் சொன்னாள்.

"சமூக மன்றத்துல உங்க பேரைக் குடுத்துட்டேன். லைன் டான்ஸ் ஃபுல்லாம். தையல் கிளாஸ்ல ஒரு இடம் இருந்துச்சு."

"தையலா? நானா?"

"சரக்கைக் கட்டத் தெரிஞ்ச ஆளுக்குத் துணியைக் கட்டத் தெரியாதா?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அல்லது, மறுத்துப் பேச எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

வாசல் இல்லாத உறை

வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண். எங்கள் ஆசிரியை ரொக்கையா, மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எல்லோரும் அவரை 'சிக்கு' என்று அழைத்தோம். மலாயில் டீச்சர் என்று பொருள். அவர் என்னை 'அபாங்' என்றார், அதாவது அண்ணன். நாங்கள் பேசியது பாதி மலாய், பாதி ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

முதல் நாள் நூலே கிடையாது. வெறும் ஊசியோடு, கோடு போட்ட காகிதத்தில் நேராக ஓட்டவேண்டும். மிதியை நான் லாரி பெடல் போல மிதித்தேன். காகிதம் ஒரே மூச்சில் மறுபக்கம் போய் விழுந்தது.

"அபாங், மெதுவா. துணி எங்கயும் ஓடிப் போகாது."

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. என் கைகள் அதுவரை செய்த வேலைக்கெல்லாம் ஒரு புறப்படும் நேரம் இருந்தது. விமானம் காத்திருக்காது. இந்தத் துணிக்கோ எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லை.

முதல் வேலை ஒரு தலையணை உறை. நான் வீட்டில் உட்கார்ந்து மிகக் கவனமாகத் தைத்தேன். ஓரங்கள் நேராக வந்தன. மூலைகள் கூராக வந்தன. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். ரொக்கையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகு. தலைகாணியை எந்த வழியா உள்ள அனுப்புவீங்க?"

நான்கு பக்கத்தையும் தைத்து மூடியிருந்தேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது வசந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். அந்த உறையைப் பிரிக்கவும் விடவில்லை. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கவிதாவின் பள்ளிக்கூடக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

எனக்கு வெட்கமாக இல்லை. அதுதான் ஆச்சரியம். கிடங்கில் ஒரு தவறு நடந்தால் விமானமே தாமதமாகும். இங்கே தவறு செய்தால் நூலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். அல்லது கண்ணாடி அலமாரியில் வைத்துவிடலாம். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

பழைய இயந்திரம் ஒன்றை ஒரு தோழியிடமிருந்து வசந்தாவே வாங்கி வந்தாள். அதை ஜன்னலோரம் போட்டோம். காலை வெயில் மேஜைமேல் விழும். புதுப் பருத்தியில் கத்தரிக்கோல் போகும்போது ஒரு சத்தம் வருமே, நொறுக்கென்று, வெள்ளரிப்பிஞ்சைக் கடிப்பதுபோல. அதைக் கேட்கவே சில நாள் தேவையில்லாமல் துணி வெட்டியிருக்கிறேன். கீழே நூல் கண்டு தீர்ந்துபோனது தெரியாமல் நீளமாகத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் துணியை எடுத்துப் பார்த்தால் வெறும் ஊசித் துளைகள். அதுகூட ஒரு சந்தோஷம்தான் என்றால் தையல் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

மகள் கவிதாவுக்குப் பாத்தேக் என்ற மலாய்ப் பூத்துணியில் ஒரு அரைக்கால் சட்டை தைத்தேன். ஒரு காலில் பூக்கள் மேல்நோக்கி மலர்ந்தன. மறுகாலில் தலைகீழாகத் தொங்கின. அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"பா, சோ ஸ்வீட். பட் இதை நான் வீட்ல மட்டும் போட்டுக்கறேன், ஓகே?"

ஓகே என்றேன்.

சனிக்கிழமைகள்

அதன் பிறகு சனிக்கிழமை காலைகளுக்கு ஒரு வடிவம் வந்தது. நானும் வசந்தாவும் பஸ் ஏறி லிட்டில் இந்தியா போவோம். முதலில் தேக்கா நிலையத்து உணவுக்கடையில் தோசை. சாம்பார் வாளி ஒவ்வொரு மேஜையாக வரும். குடிக்க எனக்குச் சீனி குறைத்த தே, அவளுக்குச் சீனி குறைக்காத தே. கோப்பை மாறிப்போனால் இருவரும் முகம் சுளிப்போம்.

பிறகு சிராங்கூன் சாலையின் துணிக்கடைகள். எனக்கு நூல், ஊசி, கொக்கி வாங்கவேண்டியிருக்கும். அது ஐந்து நிமிட வேலை. மீதி நேரம் வசந்தாவுடையது. அவள் வாங்கமாட்டாள். தொடுவாள். அடுக்கி வைத்த துணிச்சுருள்களின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போவாள், சிறுபிள்ளைகள் வேலிக் கம்பிகளில் குச்சியை ஓட்டுவதுபோல. பருத்தி, பட்டு, ஜார்ஜெட், மறுபடி பருத்தி.

அங்கே ஒரு கடையில் பாய் ஒருவர். அவளைப் பார்த்ததும் விசிறியை அவள் பக்கம் திருப்பி வைப்பார்.

"வாங்கக்கா. இன்னைக்குப் புதுசா வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, வாங்கணும்னு இல்ல."

இயந்திரத்தில் உட்கார்வது நான். நிறம் சொல்வது அவள். அப்படித்தான் எங்களுக்குள் வேலைப் பங்கீடு அமைந்தது. நீலத்துக்கு நீல நூல் கேட்டால் அவள் குறுக்கே வருவாள்.

"உங்களுக்குக் கை இருக்கு, கண்ணு இல்ல. அந்த ஆரஞ்சு நூலை எடுங்க."

ஆரஞ்சு நூல்தான் சரியாக இருக்கும். எப்போதும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். எங்கள் வீட்டுச் சந்தைப்பைகள், தேநீர்த் துணிகள், தொலைக்காட்சி மேல் கிடந்த தேவையே இல்லாத ஒரு விரிப்பு, எல்லாம் அந்தச் சனிக்கிழமைகளின் பிள்ளைகள்.

திரும்பும்போது பஃப்பளோ சாலையில் ஒரு முழம் மல்லிகை. பஸ்ஸில் அவள் மடியில் பூ, என் மடியில் துணி. வேறொன்றும் நடக்காது. அந்த வேறொன்றும் நடக்காததைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மூடி வைத்த இயந்திரம்

வழக்கமாகச் செய்துகொள்ளும் பரிசோதனை ஒன்றில் வசந்தாவின் இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். மருந்து, ஊசி, களைப்பு, முடி உதிர்வு, மறுபடி முடி. விவரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவளும் "அதை ரெண்டு வரியில முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இயந்திரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். வகுப்புக்கும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேனா என்பது. ஊற்றவில்லை. ஊற்றினேன் என்றேன். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் செய்த முதல் வேலை அதுதான்.

அவள் தேறினாள். மாதங்கள் போகப்போக நன்றாகவே தேறினாள். சந்தைக்குப் போனாள். சமையலறையை என்னிடமிருந்து மீட்டுக்கொண்டாள். போனில் தன் தம்பியை அதட்டினாள். டாக்டர்களும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார்கள். பார்க்கிறவர்களுக்குப் பழைய வசந்தாதான்.

சேலை மட்டும் கட்டவில்லை. கவிதாவின் தொளதொளத்த டி-சட்டைகளைப் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை வந்தால், "நீங்க வேணா போய்ட்டு வாங்க, எனக்கு வெயில் ஒத்துக்கல" என்பாள். நானும் போகவில்லை. தோசையை வீட்டிலேயே ஊற்றிச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாம்பார் வாளி வரவில்லை.

கல்யாணப் பத்திரிகை வந்தது. அவள் அலமாரியைத் திறந்தாள்.

"நான் தைச்சுத் தரேன்"

அதுதான் நான் அன்றைக்குச் சொன்னது.

வசந்தா என்னைப் பார்த்தாள். "நீங்களா? தலைகாணி உறைக்கு வாசல் வைக்க மறந்த ஆளா?"

"ரவிக்கைக்கு வாசல் முன்னாடி இருக்கும். மறக்க மாட்டேன்."

உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தது.

"கடையிலே குடுக்கலாம்னா நானே குடுத்திருப்பேங்க. அந்த டெய்லரம்மா டேப்பைப் போட்டதும் 'என்னக்கா ஆச்சு?'ன்னு கேக்கும். நான் சொல்லணும். அது 'ஐயோ'ன்னு சொல்லும். அந்த ஐயோவைக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

"நான் ஐயோ சொல்ல மாட்டேன்."

"நீங்கதான் எல்லா ஐயோவையும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லி முடிச்சிட்டீங்களே."

அன்று சாயங்காலமே இயந்திரத்தின் மேலிருந்த துண்டை எடுத்தேன். தூசி தட்டி, எண்ணெய் விட்டேன். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சுற்றியது.

அளவெடுத்த மத்தியானம்

கவிதா வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றினாள். கட்டு மாற்றியது கவிதா. காயம் ஆறிப் பல மாதங்கள் ஆகியும் நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அவள் காட்டவில்லை. நான் கேட்கவில்லை.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டி-சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, ஒரு பெருமூச்சுக்குப் பின், அதைக் கட்டிலில் போட்டாள்.

"டேப் ஜில்லுன்னு இருக்கு."

அளவு நாடாவை என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். முதுகு எடுத்தேன். தோள் எடுத்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். வலக்கை உயர்ந்தது. இடக்கை பாதியில் நின்றது.

"அவசரமில்ல," என்றேன். "துணி எங்கயும் ஓடிப் போகாது."

கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அது போதும்.

முன்பக்கம் எடுக்கவேண்டும். அவள் மெல்லத் திரும்பினாள். கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"பாக்க எப்படி இருக்கு? பொய் சொல்லாதீங்க."

நான் பார்த்தேன். அக்குள் பக்கத்திலிருந்து நெஞ்சின் நடு வரை, ஒரு கோடு.  அழகாக இருக்கிறது என்றால் அது பொய். வேறு எதைச் சொன்னாலும் ஐயோ. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தையல் நேரா இருக்கு. டாக்டர் நல்ல கைகாரர். என்னால இவ்வளவு நேரா ஓட்ட முடியாது."

அவள் கண்ணைத் திறந்தாள்.  பிறகு சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாக மாறியது. அவளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். அளவு நாடா எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கழுத்தில் உறுத்தியது.

"சரி, எடுங்க," என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நின்னு நின்னு கால் வலிக்குது."

கடுகு

பழைய படுக்கை விரிப்பில் வெள்ளோட்டம் பார்த்தேன். முதல் ரவிக்கை அவளை மூச்சுவிட விடவில்லை. இரண்டாவதில் இன்னொரு ஆள் நுழையலாம்.

வெட்கத்தை விட்டு ரொக்கையாவிடம் போனேன். இத்தனை மாதம் வராத மாணவன், வாசலில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அனுதாப வார்த்தை எதுவும் பேசவில்லை. காகிதத்தை இழுத்து வரையத் தொடங்கினார். கை தூக்க முடியாததால் அக்குள் வெட்டைக் கொஞ்சம் இறக்கவேண்டும். உள் துணியில் இடப்பக்கம் ஒரு பை வைக்கவேண்டும், அதற்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சுப் பொதியைச் செருகிக்கொள்ளலாம்.

"அபாங், இந்தப் பைக்கு ஒரு பக்கம் திறந்து வைங்க," என்று மட்டும் சொன்னார்.

பையோடு மூன்றாவது வெள்ளோட்டம் தைத்தேன். வசந்தா போட்டுப் பார்த்தாள். அழகாக அமைந்தது. கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இடப்பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டது.

"இதுதாங்க எனக்கு எப்பவும்," என்றாள். "ஆபரேஷன்லேர்ந்து ஒரு பக்கம் சாயற மாதிரியே இருக்கு. யார்கிட்ட சொன்னாலும் புரியல."

எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும்? ஒரு பக்கம் சரக்கு இருக்கிறது, மறுபக்கம் வெறும் பஞ்சு. விமானமாக இருந்தால் புறப்படவே விடமாட்டேன்.

சமையலறைக்குப் போனேன். அவள் தன் வசதிப்படி திருப்பி அடுக்கியிருந்த டப்பாக்களில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அரிசி முனை குத்தும். பயறு உருளும், ஆனால் பெரிது. கடுகைக் கையில் அள்ளினேன். விரல்களுக்கு நடுவில் தண்ணீர் போல நழுவியது. நல்ல கனம்.

ஒரு சின்னத் துணிப்பை தைத்து, அதில் கடுகை நிரப்பி, பஞ்சுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

"என்னது இது?"

"கடுகு."

"கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்னாடி என்னைத் தாளிக்கப் போறீங்களா?"

"போட்டு நட வசந்தா."

நடந்தாள். கூடத்திலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து கூடத்துக்கு. ரவிக்கை இருந்த இடத்தில் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தோள்களை ஏற்றி இறக்கினாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் நேரா நிக்கறேன்," என்றாள். குரலே மாறியிருந்தது.

சேலைக்குப் பொருத்தமாக அரக்குத் துணி வாங்கி வருவதாகச் சொன்னேன். சட்டென்று திரும்பினாள்.

"நீங்க போய் வாங்கினா எந்த அரக்குன்னு உங்களுக்கு என்ன தெரியும்? சனிக்கிழமை நானும் வரேன்."

பாய் விசிறியைத் திருப்பி வைத்தார். ஏன் இத்தனை நாளாகக் காணோம் என்று கேட்கவில்லை. வசந்தா முதல் சுருளிலிருந்து கடைசிச் சுருள் வரை விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அரக்கைத் தாண்டினாள். மயில் பச்சையில் நின்றாள்.

"மஞ்சளுக்குப் பச்சையா?" என்றேன்.

"உங்களுக்குக் கண்ணு இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? பாய், இதைக் கிழிங்க."

மண்டபத்தில்

கல்யாணத்தன்று காலை அவள் கதவைச் சாத்தவில்லை. கொக்கிகளை நான்தான் மாட்டிவிட்டேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கை அதைவிடக் கொஞ்சம் நீளம்."

"கழட்டு, பிரிச்சு..."

"லிஃப்ட் வந்துருச்சு. வாங்க."

மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் மேடையிலிருந்தே "அத்தை!" என்று கத்தினான். வசந்தா போய் அவன் தலையில் கை வைத்தாள். நான் அந்த நேரத்தில் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் முதுகுத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடுமோ என்று பயம். விடவில்லை.

சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் அவளை நிறுத்தினாள்.

"அக்கா, ப்ளவுஸ் சூப்பரா இருக்கு. எங்க தச்சீங்க?"

வசந்தா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஒருத்தர் இருக்காரு. ஆனா புதுசா யாரையும் எடுத்துக்கறதில்ல."

அன்று மண்டபத்தில் பத்மாக்காவும் இருந்தார். வசந்தாவின் பெரியம்மா மகள், தெம்பனிஸில் இருப்பவர். எங்கள் குடும்பத்திலேயே சேலையை அவ்வளவு அழகாகக் கட்டுகிறவர் வேறு யாரும் கிடையாது. அன்றைக்கு ஒரு பெரிய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சல்வாரில் வந்திருந்தார். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். அக்கா மாடர்ன் ஆகிவிட்டார் என்று எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தாவைக் காணோம். தேடிப் போனால், கைகழுவும் இடத்துக்கு அப்பால், அடுக்கி வைத்த நாற்காலிகளின் பக்கத்தில் அவளும் பத்மாக்காவும் நின்றுகொண்டிருந்தார்கள். பத்மாக்கா வசந்தாவின் கையைப் பிடித்திருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும்போது வசந்தா மெதுவாகச் சொன்னாள்.

"பத்மாக்காவுக்கும் எனக்கு மாதிரியேதாங்க. எனக்கு முன்னாடியே. பசங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்து பாத்துட்டுப் போனாங்க, அப்பக்கூடச் சொல்லல."

"இப்ப எப்படிச் சொன்னாங்க?"

"என்னையே பாத்துட்டு இருந்தாங்க. நீ மட்டும் எப்படிடி சேலை கட்டியிருக்கேன்னு கேட்டாங்க." அவள் ரவிக்கையின் நீளமான அந்தக் கையைக் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லிருக்கேன்."

"நான் போய் அக்காவுக்கு எப்படி அளவு..."

"நீங்க ஏன் எடுக்கணும்? நான் எடுக்கறேன். நீங்க சமையக்கட்டுல உக்காந்து எழுதிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை

பத்மாக்கா வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டார். நானும்தான். கறிவேப்பிலைச் செடியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு வசந்தா அவரை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் சமையலறையில், கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஜ்ஜி இன்னும் சூடாக இருந்தது.

"தோள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அளவைச் சொன்னாள். எழுதினேன்.

"முதுகு!" எழுதினேன்.

அடுத்த அளவு வரவில்லை. தாழ்ந்த குரலில் பத்மாக்கா ஏதோ கேட்டார். வசந்தா சொன்ன பதிலில் 'தையல்', 'நேரா' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் என் காதில் விழுந்தன.  நான் பென்சிலை இன்னொரு முறை சீவினேன்.

திடீரென்று ஒரு சிரிப்பு. பத்மாக்காவுடையது, ஓங்கிய, பழைய சிரிப்பு. அதன்மேல் வசந்தாவின் சிரிப்பு ஏறிக்கொண்டது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார்.

"சிரிக்காம நில்லுக்கா, அளவு தப்பாயிரும்!"

"நீ மொதல்ல நிறுத்துடி!"

"என்ன அளவு?" என்று கேட்டேன். என் குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சிரிப்பு வெடித்தது.

பென்சிலைக் கீழே வைத்தேன். இவர்கள் இரண்டு பேருக்கும் சிரிக்க இடம் விட்டு, கொஞ்சம் லூசாகவே தைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, பஜ்ஜியை எடுத்துக் கடித்தேன்.